பிள்ளைகள் விழிக்கும் வீடு

உயிலில் கையெழுத்துப் போட்ட மறுநாள் காலை, லிஃப்ட்காரருடைய மூன்று பிள்ளைகளும் தாங்கள் படுத்த வீட்டில் எழுந்திருக்கவில்லை. ஊரின் மறுகோடியில், ரயில் பாதைக்கு அப்பால் இருக்கும் சித்தி வீட்டில் எழுந்தார்கள். அவர்களை முதலில் பார்த்தவர் சித்தப்பா. குளிர்பதனக் கிடங்கில் இரவுக் காவல் முடித்து, கம்பளிக் குல்லாயைக்கூடக் கழற்றாமல் வந்து கதவைத் திறந்தவர், கூடத்துத் தரையில் மூன்று பேர் படுத்திருப்பதைக் கண்டார். பெரியவள் சுவரோரம் சுருண்டிருந்தாள். நடுப்பையன் குப்புறக் கிடந்தான். கடைக்குட்டி அவன் முதுகின்மேல் ஒரு காலைப் போட்டுக்கொண்டு வாய் திறந்து தூங்கினாள். மனைவியின் அக்கா வீட்டில் ஏதோ சண்டை போலிருக்கிறது, பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, செருப்பை வெளியிலேயே விட்டுவிட்டு, சத்தம் காட்டாமல் உள்ளே போய் மனைவியை எழுப்பி, "எப்ப வந்தாங்க?" என்று கேட்டார். "யாரு?" என்றாள் அவள்.

அதே நேரத்தில் ஊரின் இந்தக் கோடியில், மூன்றாவது மாடி வீட்டில், உள்ளே போட்ட தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. மூன்று ஜோடிச் செருப்புகளும் கதவோரம் கிடந்தன. பெற்றவள் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள், துணி அலமாரியைத் திறந்து பார்த்தாள், பிறகு இருக்கவே முடியாத இடங்களான சமையலறை டப்பாக்களுக்குப் பின்னாலும் பார்த்தாள். பெற்றவர் மொட்டை மாடிக்கு ஓடித் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்துவிட்டார். தொலைபேசி அடிக்கும்வரை அவரால் எழுந்திருக்க முடியவில்லை.

லிஃப்ட்காரர் என்று ஊரில் அவரைச் சொல்வதற்குக் காரணம், ஊரிலுள்ள உயரமான கட்டடங்களின் லிஃப்டுகள் எல்லாம் அவர் கை பட்டவை என்பதுதான். இரும்புக் கயிறு ஓடும் சத்தத்தைக் கேட்டே எந்த உருளையில் எண்ணெய் போடவேண்டும் என்று சொல்லிவிடுவார். மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்தாள். கடை அவளுடையது இல்லை என்றாலும் எல்லோரும் அவளைக் கடைக்காரி என்றே அழைத்தார்கள். முதலாளிக்கு அதில் சற்று வருத்தம் உண்டு. இருவரும் உயிலைப் பற்றி நினைக்கிற வயதுக்காரர்கள் அல்ல. எழுதி வைக்கும்படி பெரிய சொத்தும் கிடையாது. ஆனால் அந்த வருஷம் நான்காவது மாடியில் குடியிருந்த கணவனும் மனைவியும் ஒரே விபத்தில் போய்விட்டார்கள். அவர்களுடைய இரண்டு பிள்ளைகளும் பள்ளிச் சீருடையோடு மாடிப்படியில் உட்கார்ந்திருக்க, உள்ளே இரண்டு பக்கத்து உறவினர்களும் யார் அழைத்துப் போவது என்று பொழுது சாயும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அழைத்துப் போகிறோம் என்று சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நீங்கள் அழைத்துப் போங்கள் என்றுதான் சண்டை. கடைக்காரி அந்தப் பிள்ளைகளுக்குப் பால் கொண்டுபோய்க் கொடுத்தாள். பெரிய பையன் டம்ளரை வாங்கிக்கொண்டு, "ஆன்ட்டி, இன்னைக்கு நாங்க எங்க தூங்கணும்?" என்று கேட்டான். அவள் வீட்டுக்கு வந்ததும் கணவனிடம், "நாளைக்கே வக்கீலப் பாக்கணும்" என்றாள்.

நாளைக்கே பார்க்க முடியவில்லை. வீடும், கொஞ்சம் சேமிப்பும் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக என்பது ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடிவாகிவிட்டது. இருவரும் ஒருசேரப் போய்விட்டால் பிள்ளைகள் யாரிடம் என்பதில்தான் மாதக்கணக்காயிற்று. லிஃப்ட்காரருக்குத் தன் அண்ணனிடம் விட வேண்டும் என்று ஆசை. அண்ணன் பெயிண்ட் கடை வைத்திருந்தார். குரல் பெரிது, மனமும் பெரிது, கோபம் அதைவிடப் பெரிது. கடைக்காரிக்குத் தன் தங்கையிடம் விட வேண்டும் என்று. தங்கை தபால் அலுவலகத்தில் பார்சல் பிரிக்கும் பகுதியில் வேலை பார்த்தாள். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் குழந்தை இல்லை. "ஒரு பிள்ளைய வளத்துப் பாக்காதவகிட்ட மூணயா?" என்று கணவர் கேட்பார். "வளத்தவங்க வளத்த லட்சணம்தான் தெரியுமே" என்று மனைவி அண்ணனுடைய மகன்களை மனத்தில் வைத்துச் சொல்வாள். செத்துப்போன பிறகு நடக்கப்போவதற்காக உயிரோடு இருக்கும் இருவர் பேச்சு வார்த்தையில்லாமல் இருந்த நாட்களும் உண்டு. கடைசியில் கணவர்தான் விட்டுக்கொடுத்தார்.

வக்கீலுக்கு ஊரில் 'கவலைப்படாதே வக்கீல்' என்று பெயர். எந்த வழக்கைக் கொண்டுபோனாலும் முதலில் அதைத்தான் சொல்வார். தோற்ற வழக்குக்கும் கடைசியில் அதையேதான் சொல்வார். உயிலை வாசித்துக் காட்டினார். பாதுகாவலர் என்ற இடத்தில் தங்கையின் பெயர் வந்தபோது கடைக்காரிக்கு நிம்மதியாக இருந்தது. பக்கத்து அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். "கவலையே படாதீங்க, இது எங்கயும் போகாது, பீரோல தூங்கும்" என்று வக்கீல் உறையை நீட்டினார். வழியில் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு போய்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். எதற்கு ஐஸ்கிரீம் என்று சொல்லவில்லை.

முதல் நாள் காலையில் நடந்தது ஏதோ புரியாத விஷயம் என்று விட்டுவிட்டார்கள். இரண்டாம் நாளும் நடந்தது. மூன்றாம் நாள் கடைக்காரி கடைக்குட்டியின் கையைத் தன் கையோடு துப்பட்டாவால் கட்டிக்கொண்டு படுத்தாள். காலையில் முடிச்சு அவிழாமல் இருந்தது, கைதான் இல்லை. லிஃப்ட்காரர் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கண் கொட்டாமல் காவலிருந்து பார்த்தார்; விடியும் நேரத்தில் ஒரு தும்மல் வந்தது, தும்மி முடித்தபோது மூன்று படுக்கையும் காலி. போர்த்தியிருந்த போர்வைகள் பிள்ளைகளோடு போயின, தலையணைகள் போகவில்லை. ஏன் அப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. சித்தி வீட்டில் போர்வைகள் குவிந்ததால், வாரம் ஒருமுறை அவற்றை மூட்டை கட்டி ஸ்கூட்டரில் கொண்டுவர வேண்டியிருந்தது. பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை, வலிக்கவும் இல்லை. எங்கே படுத்தாலும் சித்தி வீட்டில் விழிப்பு வரும், அவ்வளவுதான். தபால் அலுவலகத்தில் கூட வேலை செய்பவர்கள், "உன் வீட்டுக்கு மட்டும் எல்லாம் தவறாம டெலிவரி ஆயிடுது" என்று கேலி செய்தார்கள்.

சித்தியையும் சித்தப்பாவையும் இங்கேயே வந்து படுக்கச் சொல்லிப் பார்த்தார்கள். காலையில் பிள்ளைகளோடு அந்த இருவரும் சேர்ந்து அவர்கள் வீட்டில் விழித்தார்கள். சித்தப்பா அதற்காகப் போட்ட விடுப்பு வீணாயிற்று. பிறகு கணவனும் மனைவியும் சித்தி வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு நடுவில் படுத்தார்கள். காலையில் பிள்ளைகள் அங்கேயே இருந்தார்கள். பெற்றவர்கள்தான் மூன்றாவது மாடியில், தங்கள் கட்டிலில், வெறும் மெத்தையில் கிடந்தார்கள். லிஃப்ட்காரரின் சட்டை தங்கை வீட்டுக் கதவின் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றுதான் கடைக்காரிக்கு விஷயம் விளங்கியது. "நாம இல்லாத காலையைத்தான் நாம எழுதிக் கொடுத்திருக்கோம்" என்றாள்.  கணவருக்கு வேறு ஒரு எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த எண்ணம் ஒரு காலைவேளையில் வாய்க்கு வந்துவிட்டது. பிள்ளைகளை அழைக்கச் சித்தி வீட்டுக்குப் போயிருந்தார்கள். கடைக்குட்டி தூக்கக் கலக்கத்தில், பால் டம்ளரை நீட்டிய சித்தியைப் பார்த்து "அம்மா, சூடு" என்றாள். பக்கத்தில்தான் பெற்றவள் நின்றுகொண்டிருந்தாள். லிஃப்ட்காரர் முகம் கறுத்துவிட்டது. "நீ ஏங்கி ஏங்கித்தான் இழுக்கறே" என்றார் கொழுந்தியாளிடம். "உனக்குன்னு ஒண்ணு இல்லாத குறைக்கு அடுத்தவங்க வயித்துல கை வைக்கறே." சித்தி அப்போது நடுப்பையனின் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். மிச்சமிருந்த பொத்தான்களையும் போட்டு, காலரைச் சரிசெய்தாள். பிறகு எழுந்து, "பிள்ளைங்கள கூட்டிட்டுப் போங்க அத்தான். இனிமே எதுலயும் என் பேரை எழுதாதீங்க" என்றாள். அத்தான் சொன்னதைவிட, அக்கா ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லாமல் நின்றதுதான் அவளைச் சுட்டது. அக்காவுக்கும் அது தெரியும். தெரிந்தும் வாய் வரவில்லை; அந்த 'அம்மா' இன்னும் அவள் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

வக்கீலிடம் போனார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உயில்ங்கறது நீங்க கண்ண மூடின பிறகுதான் கண்ண முழிக்கும். உங்க உயில் உங்களுக்கு முன்னாடி எப்படி முழிக்கும்?" என்றார். முழித்திருக்கிறதே என்றார் லிஃப்ட்காரர். பெயரை மாற்றிப் பார்க்கலாம் என்று சொன்னதும் லிஃப்ட்காரரே. அண்ணன் பெயரைப் போட்டால் பிள்ளைகள் போகமாட்டார்கள், கொழுந்தியாளின் ஏக்கம்தான் காரணம் என்பது வெட்டவெளிச்சமாகிவிடும் என்று அவர் நம்பினார். புதிய உயில் எழுதி, பழையதை ரத்து செய்து, கையெழுத்துப் போட்டார்கள். மறுநாள் காலை பிள்ளைகள் பெயிண்ட் கடைக்குப் பின்னால் இருந்த கிடங்கில், டப்பாக்களுக்கு நடுவே எழுந்தார்கள்.

பெரியப்பாவுக்கு முதலில் ஒரே பெருமை. தம்பி கடைசியில் புத்தி வந்து தன் பெயரை எழுதியிருக்கிறான் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். பிள்ளைகளுக்கு முட்டையும் ரொட்டியும் வாங்கிக் கொடுத்தார். எழுந்ததும் பல் தேய்க்காத நடுப்பையனைக் கடை அதிரும்படி ஒரு சத்தம் போட்டார். அவன் அன்று முழுக்க விக்கிக்கொண்டிருந்தான். எத்தனை முறை வீட்டுக்குள் படுக்கை விரித்து வைத்தாலும் பிள்ளைகள் கிடங்கில்தான் விழித்தார்கள். உயிலில் எழுதப்பட்ட முகவரி கடையின் முகவரி என்பது பிறகுதான் கவனத்துக்கு வந்தது. அதை மாற்ற வக்கீல் தேதி கொடுத்திருந்தார். அதற்குள் கடைக்குட்டிக்குப் பெயிண்டில் கலக்கும் தின்னர் நெடி நெஞ்சில் இறங்கிவிட்டது. மூச்சு விடும்போது விசில் போல ஒரு சத்தம் வரத் தொடங்கியது. மருத்துவர் கேட்டதெல்லாம் ஒரே ஒரு கேள்விதான்: "ஏன் இந்தக் குழந்தைய அங்க தூங்க வைக்கறீங்க?"  "நாங்க தூங்க வைக்கல டாக்டர், அது அங்க முழிக்குது" என்று சொன்னாள் கடைக்காரி. மருத்துவர் மூச்சில் இழுக்கும் மருந்தை எழுதிக் கொடுத்து, அடுத்தவரை உள்ளே கூப்பிட்டார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் லிஃப்ட்காரர் பீரோவைத் திறந்து உயிலை எடுத்து நாலாகக் கிழித்தார். வக்கீல் அலுவலகத்துக்குப் போய் அங்கிருந்த பிரதியையும் வாங்கிக் கிழித்தார். இப்போது யார் பெயரும் எதிலும் இல்லை. "விட்டது சனி" என்றார். கடைக்காரிக்கும் அப்படித்தான் தோன்றியது. பிள்ளைகளை இருவருமாகப் படுக்க வைத்தார்கள். உயில் எழுதுவதற்கு முன்பு எப்படி இருந்தோமோ அப்படியே ஆகிவிட்டோம் என்று நினைத்தார்கள். ஆனால் இதற்குள் ஒவ்வொரு காலையும் ஒரு கேள்வியைக் கேட்டுப் பழகியிருந்தது: இந்த இருவரும் இல்லையென்றால் இந்தப் பிள்ளைகள் எங்கே? கேள்வி அப்படியேதான் இருந்தது. பதிலைத்தான் கிழித்துப் போட்டிருந்தார்கள்.

பெரியவள் பேருந்து நிலையத்தில், பெண்கள் காத்திருக்கும் அறையின் பெஞ்சில் எழுந்தாள். தரை துடைக்க வந்த அம்மாளின் கைபேசியை வாங்கி, அழாமல், இருக்கும் இடத்தைத் தெளிவாகச் சொன்னாள். தந்தை அங்கே வந்த பிறகுதான் அழுதாள். நடுப்பையன் அவனுடைய பள்ளியின் விளையாட்டுச் சாமான் அறையில், பூட்டிய கதவுக்குள் இருந்தான். காவலாளி சாவி தேடிவரும்வரை கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கடைக்காரி அவனோடு பேசிக்கொண்டே இருந்தாள். "இருட்டா இருக்கும்மா" என்றான். "கண்ண மூடிக்கோ, வீட்டுல இருக்கற மாதிரி இருக்கும்" என்றாள். "மூடினா தூங்கிடுவேன். தூங்கினா வேற எங்கயாவது போயிடுவேன்" என்றான் அவன். 

கடைக்குட்டி கிடைக்கவில்லை. ஊரெல்லாம் தேடினார்கள். பெரியப்பா கடையை அடைத்துவிட்டு மகன்களோடு சந்து சந்தாகப் போனார். காவல் நிலையத்தில் புகார் எழுதியவர், கடைசியாகக் குழந்தையை எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டார், படுக்கையில் என்றார்கள், கதவு திறந்திருந்ததா என்று கேட்டார், இல்லை என்றார்கள், அவர் பேனாவை மூடி வைத்தார். வெயில் தாழ்ந்த பிறகு பக்கத்து ஊரிலிருந்து, ஒரு குழந்தைகள் இல்லத்திலிருந்து தகவல் வந்தது. அங்கே போனபோது நீளமான அறையில் வரிசையாகக் கட்டில்கள். கடைசிக் கட்டிலில் கடைக்குட்டி உட்கார்ந்து, தலை சீவி, முகம் கழுவி, பக்கத்துக் கட்டில் பெண்ணோடு பொம்மைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவள் கால்மாட்டில் ஒரு துண்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன் ஓரத்தில் அவள் பெயர் சிவப்பு நூலால் தைக்கப்பட்டிருந்தது. அந்தத் தையல் புதியதல்ல. பலமுறை துவைத்து நிறம் மங்கியிருந்தது. இல்லத்துப் பொறுப்பாளர் நல்ல மனுஷி. "இங்க வர்ற பிள்ளைங்க எப்படி வந்தாங்கன்னு நாங்க ரொம்பக் கேக்கறதில்ல. யாராவது திரும்பி வந்து கூட்டிட்டுப் போனா, அன்னைக்கு எல்லாருக்கும் இனிப்பு குடுப்போம்" என்றார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும்போது, மற்றக் கட்டில்களிலிருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள். 

வீட்டுக்குப் போகவில்லை. பெரியவளையும் நடுப்பையனையும் அண்ணன் தன் வண்டியில் கொண்டுவந்து சேர்க்க, எல்லோருமாக ரயில் பாதையைக் கடந்து தங்கை வீட்டுக்குப் போனார்கள். அவள் வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். சீருடையில் பொட்டலம் ஒட்டும் நாடாவின் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தவள் வழியை விடவும் இல்லை, மறிக்கவும் இல்லை. "உள்ள வரலாமா?" என்று கேட்டாள் அக்கா. பிறந்ததிலிருந்து ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்குள் அப்படி ஒரு கேள்வி வந்ததில் இருவருக்குமே கண் கலங்கிவிட்டது. பிள்ளைகள் அதற்குள் அவளைத் தாண்டி உள்ளே ஓடிவிட்டார்கள்.

லிஃப்ட்காரர் செருப்பைக் கழற்றிய இடத்திலேயே நின்றுகொண்டு, "நான் அன்னைக்குச் சொன்னது தப்பும்மா" என்றார். 

"தப்பில்ல அத்தான்" என்றாள் சித்தி. "ஒண்ணு சொல்றேன், ரெண்டு பேரும் கேட்டுக்கோங்க. பிள்ளைங்க வந்த மொத நாள் நான் பயப்படல. சந்தோஷப்பட்டேன். உங்களுக்குப் போன் பண்றதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் அவங்க பக்கத்துல சும்மா உக்காந்திருந்தேன். அங்க நீங்க தேடித் தவிப்பீங்கன்னு தெரியும். தெரிஞ்சுதான் உக்காந்திருந்தேன். இவர்கூட, போன் பண்ணு போன் பண்ணுன்னு சொல்லிட்டே இருந்தாரு. இத உங்ககிட்ட மறைச்சிட்டு என்னால சரின்னு சொல்ல முடியாது. இப்பச் சொல்லிட்டேன். இதுக்கு அப்புறமும் என் பேரை எழுதணும்னா எழுதுங்க."

 உள்ளே கடைக்குட்டி இருமும் சத்தம் கேட்டது. சித்தியின் தலை தானாக அந்தப் பக்கம் திரும்பியது. அக்கா அதைப் பார்த்தாள்.

"நானா இருந்தாலும் உக்காந்திருப்பேன்டி" என்றாள்.

மூன்றாவது உயிலை வக்கீல் அன்றே எழுதிக் கொடுத்தார். வீட்டு முகவரியை இரண்டு முறை சத்தமாக வாசித்துச் சரிபார்த்தார். பெரியப்பா தானே முன்வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டே வெளியே போனார். உறையைக் கொடுக்கும்போது வக்கீல் எதையோ சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை. அவர் அப்படிச் சொல்லாமல் விட்டது அந்த ஒருமுறைதான் என்று அலுவலகத்தில் இருந்தவர்கள் பிறகு பேசிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு வருஷங்கள் தம்பாட்டுக்குப் போயின. முதல் சில மாதங்கள் கணவனும் மனைவியும் விடிவதற்குள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய், பிள்ளைகள் கண் திறக்கும்போது எதிரில் நின்றார்கள். கடைக்குட்டி எழுந்து ஒரு பக்கம் அம்மாவையும் மறுபக்கம் சித்தியையும் பார்ப்பாள். யாரிடம் முதலில் போவது என்று தெரியாமல் நடுவில் நின்று அழுவாள். இதைப் பார்த்துவிட்டுக் கடைக்காரிதான் போவதை நிறுத்தினாள். காலை தங்கைக்கு, மாலை தனக்கு என்று ஆயிற்று. பள்ளி வண்டி சித்தி வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டு, அம்மா வீட்டு வாசலில் இறக்கிவிட்டது. ஓட்டுநர் ஒருமுறைகூட ஏன் என்று கேட்கவில்லை. தலை பின்னுவது, பல் தேய்க்கச் சொல்வது, காணாமல்போன சாக்ஸைத் தேடுவது எல்லாம் சித்தி. வீட்டுப்பாடம், காய்ச்சல், திட்டு எல்லாம் அம்மா. சித்தி வீட்டிலேயே படுக்க வைத்துவிட்டால் போர்வை மூட்டை தூக்கும் வேலை மிச்சமாகும் என்று சித்தப்பா ஒருமுறை சொன்னார். "படுக்க வைக்கறதையாவது எங்களுக்கு விட்டு வைங்க" என்றார் லிஃப்ட்காரர். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை. கடைக்குட்டியின் விசில் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து, ஒரு மழைக்காலத்தில் நின்றுபோயிற்று. சித்தி வேலை நேரத்தை மாற்றி வாங்கிக்கொண்டாள். ஊரில் கல்யாணமான பலர் அந்த வருஷங்களில் வக்கீலிடம் உயில் எழுதப் போனார்கள். பெயர் எழுதும் இடம் வந்ததும் சிலர் எழுந்து, யோசித்து வருகிறோம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

பெரியவளுக்குப் பதினெட்டு வயதான அன்று காலை, கடைக்காரி சமையலறையில் நின்றுகொண்டிருந்தபோது, பின்னால் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. திரும்பினாள். கலைந்த தலையோடு, கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்து, மகள் உட்கார்ந்திருந்தாள். இனி யாருடைய பாதுகாப்பிலும் இருக்கத் தேவையில்லாதவள் என்பதால் படுத்த இடத்திலேயே விழித்திருக்கிறாள் என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. கடைக்காரி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ளவில்லை. கரண்டியைக் கீழே வைக்கவே அவளுக்குச் சற்று நேரமாயிற்று. பிறகு டீ போட்டுக் கொண்டுவந்து எதிரில் வைத்தாள். மகள் ஒரு வாய் குடித்துவிட்டு மெல்ல டம்ளரை நகர்த்தினாள்.

"ஏன்டி, நல்லா இல்லையா?"

"நல்லாதாம்மா இருக்கு. நான் காலையில சக்கரை போட்டுக்க மாட்டேன்."

"எப்பலேர்ந்து?"

"ரொம்ப நாளா. சித்தி சொல்லலையா?"

சொல்லவில்லை, சொல்லத் தோன்றும்படியான விஷயமாக அது சித்திக்கும் இருந்திருக்காது. கடைக்காரி வேறு டீ போட்டாள். எதிரில் உட்கார்ந்து, கடையில் கண்ணாடி மாட்டிப் பார்க்க வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதுபோல மகளின் முகத்தைப் பார்த்தாள். காலை வெளிச்சத்தில் அந்த முகம் வேறாக இருந்தது. மூக்கோரத்தில் ஒரு சின்ன மச்சம் இருப்பதை இப்போதுதான் கவனித்தாள். லிஃப்ட்காரர் குளித்துவிட்டு வந்தவர், கதவருகிலேயே துண்டோடு நின்றுவிட்டார். "அப்பா, தலைய துவட்டுங்க, தண்ணி சொட்டுது" என்றாள் மகள். அவர் துவட்டிக்கொண்டார்.

மூன்று பேருமாக அந்தக் காலையைக் கழித்தார்கள். கடைக்கு வர நேரமாகும் என்று கடைக்காரி முதலாளிக்குச் சொல்லியனுப்பினாள். "மத்த ரெண்டும் காலையில எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். வெளிநாட்டிலிருக்கும் உறவுக்காரர்களைப் பற்றி விசாரிப்பது போலிருந்தது. மகள் சொன்னாள். தம்பி குளிக்கும்வரை யாரிடமும் வாய் திறக்கமாட்டான், திறந்தால் சண்டைக்குத்தான். சித்தப்பா வேலையிலிருந்து வரும் சத்தம் கேட்டதும்தான் சித்தி அடுப்பைப் பற்றவைப்பாள். கடைக்குட்டி சிரித்துக்கொண்டே எழுவாள்.

"சிரிச்சுக்கிட்டா?"

"ஆமாம்மா. எதுக்குன்னு கேட்டா தெரியாதுன்னுவா. கண்ணத் திறக்கறதுக்கு முன்னாடியே சிரிப்பு வந்துடும். அப்புறம் கால நீட்டித் தேடி என் கால் மேல போட்டுக்குவா. இன்னைக்குத் தேடியிருப்பா."

அன்று மாலை மகள் ஒரு பையில் இரண்டு உடுப்புகளை எடுத்து வைத்துக்கொண்டாள். அவள் எங்கே விழிக்க வேண்டும் என்று இனி யாரும் எழுதி வைக்க வேண்டியதில்லை. எங்கே விழிக்க வேண்டும் என்று அவளே முடிவு செய்திருந்தாள். "கொஞ்ச நாளைக்கும்மா. அவ பழகற வரைக்கும்" என்றாள். போகாதே என்று சொல்லக் கடைக்காரிக்கு ஆசையாக இருந்தது. சொன்னால் இருந்துவிடுவாள் என்றும் தெரிந்தது. அதனால் சொல்லவில்லை. லிஃப்ட்காரர் பேருந்து நிறுத்தம்வரை பையைத் தூக்கிக்கொண்டு போனார். வழியில் கல்லூரியைப் பற்றி ஏதோ கேட்டார், அவள் ஏதோ சொன்னாள், பேருந்து வந்துவிட்டது.

இரவு வழக்கம்போல மற்ற இருவருக்கும் படுக்கை விரித்து, போர்த்திவிட்டு, விளக்கை அணைத்தார்கள். காலையில் படுக்கைகள் காலியாக இருந்தன. கடைக்காரி தலையணைகளைத் தட்டி அடுக்கிவிட்டு, பால் வாங்கி, அடுப்பில் வைத்தாள். வெளியே வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. பால் பொங்கி வருவதற்கு முன்னால், கடைக்குட்டி இப்போது கண்ணைத் திறந்திருப்பாள், சிரித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து தினமும் அந்த நேரம் வரும்போது செய்துகொண்டிருக்கும் வேலையைக் கொஞ்சம் நிறுத்துவாள். பிறகு அடுப்பைத் தணித்துவிட்டு, இரண்டு டம்ளர்களை எடுத்து வைப்பாள்.